பறவை பிடித்த கைகள்

“ஹஜ்ரத், கொக்கு ஆகுமா? நாரை ஆகுமா?”

மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் நடத்தத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. இக்கேள்வி நம்மை வந்தடையாத ஆண்டு ஒன்றேனும் இல்லை. பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் ஏரிகள் மிகுந்த நாடு. ஐப்பசி மழையில் ஏரிகள் நிறைந்ததும் பறவைகள் வந்து இறங்கும். பறவைகளைத் தொடர்ந்து கண்ணியும் வலையும் வரும். கண்ணியைத் தொடர்ந்து நம்மிடம் கேள்வி வரும். நாமும் முறைப்படி விடை சொல்லி வந்தோம். நகத்தால் பற்றிக் கிழித்துண்ணும் பறவைகள் ஆகா. நீர்ப்பறவைகள் பொதுவாக ஆகும். லக்லக் எனும் பெருநாரை விஷயத்தில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கண்ணியில் சிக்கி அறுக்கப்படாமலே செத்தது எதுவாயினும் ஆகாது. கேட்டவர் மனநிறைவோடு போய்விடுவார்.

ஒரு மார்கழி மாலையில் சாலையோரம் ஒருவர் மிதிவண்டியின் கைப்பிடியில் மடையான்களைக் கால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் நம் தலைப்பாகையைக் கண்டு அதே கேள்வியைக் கேட்டார். உயிரோடு இருக்கின்றன, அறுத்துக்கொண்டால் ஆகும் என்றோம். அவர் ஆறு வாங்கினார். நாமும் இரண்டு வாங்கினோம் என்பதை மறைப்பதற்கில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவ்விற்பனையே குற்றம் என்பது அன்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அதனினும் வியப்பு ஒன்றுண்டு. சிறைப்பட்ட பறவையைக் குறியாக நிறுத்தி அம்பெய்து விளையாடிய குறைஷி இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த செய்தியை நாமே மாணவர்க்குப் பலமுறை ஓதிக்கொடுத்திருக்கிறோம். குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்துத் தவித்த ஹும்மரா எனும் சிறு குருவியைக் கண்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததையும் ஓதியிருக்கிறோம். ஆனால் அவை வேறொரு கிதாபில், வேறொரு பாடவேளையில் வந்தவை. வேட்டையும் அறுப்பும் பற்றிய பாடத்தை நடத்தும்போது அவை நம் நினைவுக்கு வந்ததில்லை. ‘ஆகுமா’ என்னும் அறிவு ஓரிடத்திலும், ‘இது என்ன பறவை, எங்கிருந்து வந்தது, எத்தனை மிச்சம்’ என்னும் அறிவு வேறோரிடத்திலும் போய் நின்றுவிட்டன. இப்பிரிவினை நம் முன்னோரிடமும் இருந்ததா என்று தேடிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில் கையில் எடுத்த நூல் அல்லாமா தமீரீ (ரஹ்) அவர்களின் ‘ஹயாத்துல் ஹயவான்’. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்து 1405இல் மறைந்த இப்பெரியார் இளமையில் தையல் தொழில் செய்தவர். பின்னர் அல்அஸ்ஹரில் பாடம் சொன்ன ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர். உயிரினங்களை அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயரும் அதன் வேர்ச்சொல்லும், பின் இயல்பும் வாழ்முறையும், பின் ஹதீஸ்களில் அது பற்றிய குறிப்பும், அதன் பிறகே ஹலால், ஹராம் எனும் ஹுக்மும், இறுதியில் பழமொழி, மருந்து, கனவுப் பலன் ஆகியனவும் எழுதிச் செல்கிறார். ஹுக்ம் நடுவில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பறவையை இன்னதென்று அறிந்த பின்னரே அதற்குத் தீர்ப்பு. நாமோ அந்நூலைத் திறந்தாலும் நேரே ஹுக்மின் பக்கம் தாவிப் பழகியவர்கள். மஸ்கட்டில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெயகர் என்னும் இந்தியர் இந்நூலின் பெரும்பகுதியை ஆங்கிலமாக்கி 1906 முதல் வெளியிட்டார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். முஸ்லிமல்லாத ஒருவர் இத்தனை உழைப்பு உழைத்திருக்க, தமிழில் அதன் பறவைப் பகுதி மட்டுமாவது வந்தால் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

தமீரீக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டவர் பஸ்ராவின் ஜாஹிள். ஹிஜ்ரி 255இல் மறைந்தவர். ‘கிதாபுல் ஹயவான்’ ஏழு பாகங்களை எழுதியவர். அரிஸ்டாட்டிலை மதித்தவர், ஆயினும் அவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்ளாதவர். மாலுமிகளையும் வேடர்களையும் புறா வளர்ப்போரையும் விசாரித்து, சொன்னது பொருந்துகிறதா என்று பார்த்து எழுதியவர். இவர்களுடைய அரபு மொழியிலே பறவைகளுக்கு அழகானதொரு பாகுபாடு உண்டு. ஒரு நாட்டை விட்டு மறு நாட்டுக்குக் கடந்து செல்வன ‘கவாதிஉ’, அதாவது தூரத்தை அறுத்துச் செல்பவை. கோடையிலும் குளிரிலும் ஒரே நிலத்தில் தங்குவன ‘அவாபித்’. வலசைப் பறவை, இருப்பிடப் பறவை என்று இன்று நாம் எழுதுவதை அகராதிக்காரர்கள் அன்றே பிரித்து வைத்துவிட்டார்கள். தமிழிலோ சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையைத் தூது விட்ட பாட்டு ஒன்றே போதும். குமரிக்கும் வடதிசைக்கும் அவை போய் வருவதைப் பாடிய புலவர் அறிந்திருந்தார், கேட்டவர்களும் அறிந்திருந்தார்கள்.

ஆகவே அறிவு இருந்தது. அந்த அறிவு எங்கிருந்து பிறந்தது என்று கேட்டால், விடை நமக்குச் சற்று இடர் தருவதாக இருக்கிறது. பெரும்பாலும் வேட்டையிலிருந்தே பிறந்தது.

இதற்கு மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரைவிடச் சிறந்த சான்று கிடையாது. அவர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்த ஒரு கணக்கைப் படித்தபோது நாம் திகைத்துப் போனோம். பன்னிரண்டு வயது முதல் ஐம்பதாவது வயது வரை தம் கையால் கொன்றவை 17,167 உயிர்கள் என்றும், அவற்றில் பறவைகள் மட்டும் 13,964 என்றும் அவரே பதிவு செய்திருக்கிறார். இதே மனிதர்தாம் லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டுத் தம்முடன் கொண்டு சென்ற சாரஸ் கொக்கு இணையைக் குஜராத் பயணத்தின்போது இரவு பகலாகக் கவனிக்கச் செய்து, அவை முட்டையிட்டதையும், ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்ததையும், குஞ்சைப் பேணியதையும் குறித்து வைத்தார். இன்றைய ஆய்வாளர் ஒருவரின் குறிப்பேடு போலவே இருக்கிறது அது. அவருடைய ஓவியர் உஸ்தாத் மன்ஸூர் தீட்டியதாகக் கருதப்படும் டோடோ பறவையின் ஓவியம் இன்று ரஷ்ய நாட்டின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொரீஷியஸ் தீவில் மட்டுமே வாழ்ந்த அப்பறக்க முடியாத பறவை, மாலுமிகளாலும் அவர்கள் கொண்டுவந்த பன்றி, குரங்கு, எலிகளாலும் அதே 17ஆம் நூற்றாண்டிற்குள் பூண்டோடு அழிந்தது. உயிருள்ள டோடோவைப் பார்த்து வண்ணத்தில் எழுதியவர் உலகில் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் மன்ஸூர். பேரன் ஷுஜா நோயுற்றபோது ஜஹாங்கீர் இனித் தம் கையால் சுடுவதில்லை என்று நேர்ந்துகொண்டதாகவும் எழுதியிருக்கிறார். பதினேழாயிரத்துக்குப் பிறகு அந்த நேர்ச்சை என்பதை எண்ணிப் புன்னகைப்பதா, அதுவாவது தோன்றியதே என்று மகிழ்வதா, நம்மால் முடிவு செய்ய இயலவில்லை.

மொகலாய மன்னர்களை வேட்டைக்காரர்களாகவும் இயற்கை ஆய்வாளர்களாகவும் ஒருங்கே பார்த்து 1920களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? நம் சாலிம் அலி அவர்கள்தாம். 1896இல் பம்பாயில் பிறந்து, தாய் தந்தையரை இழந்து, மாமா அமீருத்தீன் தைய்யப்ஜியின் வீட்டில் வளர்ந்தவர். பத்து வயதளவில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருக்கக் கண்டு, இது வழக்கமான சிட்டுக்குருவி அன்று என ஐயுற்று மாமாவிடம் கொண்டு சென்றார். மாமா அவரை அக்கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார். மில்லார்டு அது மஞ்சள் கழுத்துக் குருவி என்று கூறி, பேழை பேழையாக அடுக்கியிருந்த பாடம் செய்த பறவைகளைத் திறந்து காட்டினார். அன்று திறந்த கதவு பிறகு மூடவே இல்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூல். 1968 முதல் 1974 வரை டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துப் பாகக் கையேடு. பரத்பூர்ச் சதுப்பு நிலத்தையும் அமைதிப் பள்ளத்தாக்கையும் காக்க எழுப்பிய குரல். 1985இல் வெளிவந்த தம் தன்வரலாற்றுக்கு ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்னும் பொருள்படவே பெயரிட்டார். 1987இல் மறைந்தார். சுட்ட குருவியை அவர் அப்படியே உரித்துச் சமைக்கக் கொடுத்திருந்தால் இவ்வளவும் இல்லை.

சாலிம் அலி அவர்களைப் பற்றி நம் இதழ்களில் அவ்வப்போது எழுதுகிறோம். அவருடன் பணியாற்றிய அலி ஹுசைனைப் பற்றி எழுதுவதில்லை. பீகாரில் மீர்ஷிகார் என்றொரு வகுப்பார் உண்டு. பறவை பிடிப்பதே அவர்களுடைய வழிவழித் தொழில். இலை, சாணம், மூங்கில் குச்சி, குதிரை மயிர், பசை இவற்றைக் கொண்டே எந்தப் பறவையையும் ஒரு சிறகு ஒடியாமல் பிடிக்கும் கைத்திறன் அவர்களுடையது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959ஐ ஒட்டிப் பறவைகளின் காலில் உலோக வளையம் இட்டு அவற்றின் பயணத்தை அறியும் திட்டத்தை சாலிம் அலி தொடங்கினார். பறவையின் மேல் ஒட்டி வரும் உண்ணிகள் நோய் பரப்புகின்றனவா என்று அறிவது அதன் முதல் நோக்கம். அதற்குப் பறவையைக் கொல்லாமல் பிடிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் அக்கல்வி கிடையாது. மீர்ஷிகார்களிடம் இருந்தது. அலி ஹுசைன் அக்கழகத்தின் தலைசிறந்த பறவை பிடிப்பாளர் ஆனார். சந்தையில் விற்பதற்காகப் பிடித்த கை, வளையமிட்டு வானில் விடுவதற்காகப் பிடித்தது. நம் கோடியக்கரையிலும் பல்லாயிரக்கணக்கான பறவைகள் இவ்வாறு வளையம் பூண்டு பறந்தன.

இன்னொரு செய்தியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. சென்னை மாகாணத்தில் படை மருத்துவராயிருந்த ஜெர்டன் 1848ஐ ஒட்டிக் கண்டறிந்த ஒரு தரைப்பறவை, 1900க்குப் பிறகு எவர் கண்ணிலும் படாமல் மறைந்துபோனது என்றே எழுதி வைத்திருந்தார்கள். 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டத்து லங்கமலைப் புதர்க்காட்டில் அது மீண்டும் அகப்பட்டது. இரவில் விளக்கொளியில் அதைப் பிடித்துக் கொடுத்தவர் உள்ளூர் வேடர் ஒருவர். அறிஞர் உலகம் அழிந்ததென எழுதிய பறவை, தம் காட்டில் உலவுவதை அந்த வேடர்கள் அறிந்தே இருந்தனர்.

சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நம் ஊருக்குத் திரும்புவோம். வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டு விளையாடியதைப் பொறாத உழவர்கள் முறையிட, செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் அங்கே சுடலாகாதென 1798இல் ஆணை வழங்கினார். உழவர்கள் முறையிட்டதற்கு இரக்கம் மட்டும் காரணமன்று. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாயிற்று. 1887இல் காட்டுப் பறவைகளுக்கென முதல் சட்டம் வந்தது. நகராட்சி எல்லைக்குள், அதுவும் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் விற்பனையைத் தடுத்த சிறு சட்டம் அது. ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்காக இங்கே வெண்கொக்குகள் கொன்று குவிக்கப்பட்ட கொடுமை மிகவே, 1902இல் இறகு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 1912இல் மற்றொரு சட்டம். 1972இல்தான் நாடு முழுவதற்குமான முழுமையான சட்டம். நூறாண்டுகளாகச் சட்டம் துப்பாக்கியையும் கண்ணியையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்க.

இனி நம் நாடு. பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007இல் மீண்டும் பிரிந்தது. எனவே 1999இல் கரைவெட்டி ஏரி பறவைகள் சரணாலயமானபோது அது பெரம்பலூர் மாவட்டத்து ஏரி. இன்று அரியலூர் மாவட்டத்தது. பறவைகளுக்கு இந்தப் பெயர் மாற்றம் ஒன்றும் தெரியாது.

இவ்வட்டாரத்தின் ஏரிகள் தாமே தோன்றியவை அல்ல. கண்டிராதித்தத்து ஏரி கண்டராதித்த சோழரின் பெயரைத் தாங்கியது. கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திர சோழர் தம் வடபுல வெற்றிக்கு நீராலான வெற்றித் தூணாக எழுப்பிய சோழகங்கம், பொன்னேரி என்ற பெயரில் இன்றும் கிடக்கிறது. ஏரியும் நகரும் பாழ்பட்ட பின், 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அப்பெருங்கோயிலின் மதிற்கற்களையும் கோபுரக் கற்களையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஓர் ஏரியைக் காத்தவனும் மனிதன், கைவிட்டவனும் மனிதன், அதனருகே நின்ற கற்களை இன்னொரு நீர்ப்பணிக்கு எடுத்தவனும் மனிதன். இங்கே நீர்ப்பறவைகள் வாழ்வதே உழவன் கட்டிய கரையால்தான். கரை உடைந்தால் பறவையும் இல்லை. காட்டு மிருகத்தைக் காப்பதற்கும் ஏரிப் பறவையைக் காப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

கரைவெட்டி ஏரியின் பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர். புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வரும் காவிரி நீரும் வடகிழக்குப் பருவ மழையும் அதை நிரப்புகின்றன. 198 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியுள்ளன. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அந்த ஏரிக்குப் பெருமை தேடித் தந்தது பட்டைத்தலை வாத்து. வெண்தலையில் இரு கரும்பட்டை தீட்டினாற்போன்ற இப்பறவை மங்கோலியா, திபெத்து, கிர்கிசு நாடு, லடாக் ஆகிய உயர்நிலங்களில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து வருகிறது. 7,000 மீட்டருக்கும் மேலே அது பறந்ததைச் செயற்கைக்கோள் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. அந்த உயரத்தில் நமக்கு மூச்சு நிற்கும். ‘கவாதிஉ’ என்னும் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பறவை ஏது? 2024 ஜனவரி இறுதியில் கரைவெட்டி, உலகளாவிய ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது.

இப்போது கேள்விக்கு வருவோம். பறவைகள் குறைகின்றன, யார் குறைத்தார்கள்? நாடு முழுவதும் பறவை நோக்குவோர் முப்பதாயிரம் பேரின் பதிவுகளைத் தொகுத்து 2023இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய செய்தி கிடைத்த 338 இனங்களில் நூற்றுக்கு அறுபது குறைந்து வருவதாக அது கூறுகிறது. ஊரில் இதைச் சொன்னால் உடனே வரும் விடை, ‘குருவிக்காரர்கள் பிடித்துத் தின்றுவிட்டார்கள்’ என்பதே. பெரம்பலூர் வட்டாரத்து எறையூரில் நரிக்குறவர் குடியிருப்பு இருப்பதால் விரல் அந்தப் பக்கம் எளிதாக நீள்கிறது. கண்ணியில் பறவை சாவது உண்மை. அதை நாம் மறைக்கவில்லை. வாங்கியவர்களில் நாமும் ஒருவர் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். ஆனால் தலைமுறை தலைமுறையாக அவர்கள் பிடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் பறவைகள் இருந்தன. 1972க்குப் பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டு ஊசி, பாசி விற்கச் சென்ற காலத்தில்தான் பல இனங்கள் விரைந்து குறைந்தன. கணக்குப் பொருந்தவில்லை.

நம் இளமையில் ஊர்ப்புறத்துத் திடலில் மாடு செத்துக் கிடந்தால் பாறுகள் வானில் வட்டமிட்டு இறங்கும். அவற்றை யாரும் வேட்டையாடியதில்லை; தின்பதும் இல்லை, விற்பதும் இல்லை. 1990களில் அவை இந்தியா முழுவதும் மறைந்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது. காரணம் மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி மருந்து என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். அம்மருந்து தங்கிய பிணத்தைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுச் சாவு. 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தது அரசு. மாட்டின் மேல் இரக்கப்பட்டு ஊசி போட்ட எவரும் பாறைக் கொல்ல நினைக்கவில்லை. டி.டி.டி. தெளித்தவர்களும் அப்படித்தான்; அரபு நாட்டார் உயிராய் மதிக்கும் ஷாஹீன் வல்லூறின் முட்டையோடு அம்மருந்தால் மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடைக்கே நொறுங்கிற்று என்பது 1967இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது.

நம் மண்ணின் கதையும் இதுவே. பெரம்பலூர் இன்று தமிழகத்தின் மக்காச்சோளக் களஞ்சியம். பருத்திக்கும் பெயர் பெற்றது. அந்த மக்காச்சோளம் பெரும்பாலும் நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. காட்டுப் பறவை இருந்த இடத்தில் கூண்டுக் கோழிக்கான தீனி விளைகிறது என்று சொன்னாலும் தவறில்லை. 2018இல் அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்து இங்குள்ள மக்காச்சோளத்தைச் சூறையாடியபோது, கடன் வாங்கி விதைத்த உழவர் கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் தெளித்தார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. விதையையும் இப்போது நஞ்சு பூசியே விற்கிறார்கள். மண்ணுக்குள் வேர் தின்னும் புழுக்களைக் கொல்வதற்காக.

அப்புழுக்களில் ஒன்றைப் பற்றி ஜாஹிள் அறிந்திருந்தால் பத்துப் பக்கம் எழுதியிருப்பார். சிறுவர்களாயிருந்தபோது நாம் விளையாடிய வண்டு அது. மல்லாத்திப் போட்டால் சற்று நேரம் செத்தது போல் கிடக்கும். பின் ‘டிக்’கென்று சொடுக்கித் துள்ளி எழும். நெஞ்சின் அடியிலுள்ள ஒரு முள், எதிரிலுள்ள பள்ளத்தில் சட்டென்று வழுக்கி விழுவதால் அந்த ஒலியும் துள்ளலும் உண்டாகின்றன. 1972இல் எவன்ஸ் என்ற விலங்கியலார் அத்துள்ளலை ஆராய்ந்து, அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 380 மடங்கு வரை செல்வதைக் கணக்கிட்டார். உலகில் இவ்வகை வண்டுகள் ஏறத்தாழ 10,000 இனங்கள். அவற்றின் குஞ்சுதான் கம்பி போல் விறைத்த மஞ்சள் புழு. ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து வேரையும் விதையையும் கடிப்பவையும் அவற்றுள் உண்டு, பிற புழுக்களைத் தின்று நன்மை செய்பவையும் உண்டு. ஏர் ஓடும்போது பின்னாலேயே நடந்து வரும் உண்ணிக்கொக்குக்கும் மைனாவுக்கும் இரண்டும் இரைதான். நஞ்சு பூசிய விதை நல்ல புழு, கெட்ட புழு என்று பிரித்தறியாது. பறவையையும் விடுவதில்லை: 2019இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் வலசைக் குருவிகளுக்கு அத்தகைய நஞ்சைச் சிறிதளவே ஊட்டிப் பார்த்தனர். சில மணி நேரத்துக்குள் உடல் எடையில் ஆறு விழுக்காடு இழந்தன. மற்றவற்றைவிட மூன்றரை நாள் பிந்தியே பயணத்தைத் தொடர்ந்தன. சாகவில்லை, பிந்தின. வலசையில் பிந்துவதும் ஆபத்தே என்பதைச் சத்திமுத்தப் புலவரின் நாரை அறியும்.

சுண்ணாம்புச் சுரங்கங்களைப் பற்றியும் ஒரு சொல். அரியலூர் மண் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது. அக்கடலின் சிப்பிகளே இன்று சிமெண்டாகின்றன. வேலை தந்த தொழில்தான், மறுக்கவில்லை. ஆனால் தோண்டிய குழி மழை நீரின் பழைய வழியை மாற்றிவிடுகிறது. ஏரிக்கு வரத்துக் குறைந்தால் சரணாலயம் என்ற பலகை பறவைக்கு இறங்க இடம் தராது. மேட்டூர் திறக்கத் தாமதமாகும் ஆண்டுகளிலும் இதே நிலை. பாசனத்துக்கு நீர் கேட்கும் உழவரையும் பறவைக்கு நீர் கேட்கும் வனத்துறையையும் எதிரெதிராக நிறுத்துவது வீண் வேலை. நீர் வந்தால் இருவருக்கும் வரும்.

சென்ற தை மாதம் மூத்த வகுப்பு மாணவர் சிலரோடு கரைவெட்டிக்குப் போனோம். அதற்கு முந்திய வாரம் வேட்டையும் அறுப்பும் பற்றிய பாடத்தைத் தொடங்கியிருந்தோம். இம்முறை ஹயாத்துல் ஹயவானிலிருந்து வாத்தைப் பற்றிய பகுதியை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லி, ஹுக்முக்கு இரண்டு நாள் கழித்தே வந்தோம். ஹும்மராக் குருவியின் ஹதீஸையும் அதே பாடத்தோடு சேர்த்தோம். கரையில் நின்றபோது பழைய கேள்வியை ஒரு மாணவர் கேட்கத்தான் செய்தார்: “ஹஜ்ரத், பட்டைத்தலை வாத்து ஆகும்தானே?” ஆகும் என்றோம். அறுத்தால் ஆகும், பிடிப்பது நாட்டுச் சட்டப்படி குற்றம், எத்தனை இருக்கின்றன என்று முதலில் எண்ணிச் சொல் என்றோம். இரவல் வாங்கிய தொலைநோக்கி ஒன்றுதான். ஒருவர் அறுபத்து மூன்று என்றார். மற்றொருவர் ஐம்பத்தெட்டு என்றார். லப்பைக்குடிக்காட்டுப் பையன் ஒருவன், நாணலுக்குப் பின்னால் இருப்பவற்றை இருவருமே விட்டுவிட்டார்கள் என்று வாதிட்டான். வாதம் முற்றுவதற்குள் கூட்டத்தில் பாதி எழுந்து ஏரியின் மறுகரைக்குப் போய் இறங்கிவிட்டது. மூவரும் குறிப்பேட்டில் ஒரு தாளைப் புரட்டி, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்.